கூலருக்கு நாலு கால்

கூலர் வந்து இறங்கி ஒரு வாரம் ஆகிறது. இன்னும் தரையில்தான் குந்தியிருக்கிறது. யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அல்லாடிய கதைதான், வேறென்ன.

சங்கமித்ரா அதைப் பங்காருபேட்டையில் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்ததும், மாமியார் பழனியம்மா வாசலிலேயே வாயில் கை வைத்து நின்றதும் போன வாரம் நம்மோடு இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். இல்லாதவர்களுக்கும் குடியொன்றும் முழுகிவிடவில்லை. மாமனார் தம்மபாலனுக்கு வெயில் காலத்தில் மூச்சு இழுக்கிறது. தங்கச் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நெஞ்சுக்குள் போன கல்தூசி மட்டும் வெளியே வரவில்லை. அவர் கொஞ்சம் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று மருமகள் வாங்கி வந்த கூலர் அது.

அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னாள். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பது நமக்குத் தெரியும்.

ஒயிட்ஃபீல்டில் அவள் வேலை பார்க்கிற மருந்து பேக்கிங் கம்பெனியில் அடுத்த மாதத்திலிருந்து ஷிப்ட்டை மாற்றுகிறார்கள். விடியற்காலை ஷிப்ட்டுக்கு இவர்கள் இருக்கிற ஊரிகத்திலிருந்து எந்த ரயிலும் போய்ச் சேராது. அதனால் கம்பெனிக்குப் பக்கத்தில் காடுகோடியில் ஒரு ரூம் பார்த்துவிட்டாள். அவளும் புருஷன் வேந்தனும் அங்கே போய்விடுவதாக ஏற்பாடு. 'ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்' என்று வீட்டுக்காரம்மா மமதா கறாராகச் சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் இது எதுவும் தெரியாது. சொல்ல வேண்டியவன் வேந்தன். அவன் இன்றைக்கு நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதுதான்.

*

ஞாயிறு என்று உடம்புக்குத் தெரிவதில்லை. ரயிலுக்கு எழுந்திருக்கிற நேரத்துக்கே மித்ராவுக்கு முழிப்பு வந்துவிட்டது.

அவர்கள் படுப்பது பின்னறையில். கல்யாணத்துக்காக வேந்தன் ஷீட் போட்டு இழுத்த அறை. பகலில் வாங்கிய சூட்டை அந்த ஷீட் ராத்திரியெல்லாம் தலைமேல் இறக்கிக்கொண்டிருக்கும். தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து தூசி பறந்து வருகிறது என்று ஜன்னலையும் ஒரேயடியாக உயரத்தில் வைத்துவிட்டான். காற்று வந்தால் அவள் தலைக்கு மேலேயே வந்து மேலேயே போய்விடும். தலையணை உறை நனைந்து கழுத்தில் ஒட்டியது. எழுந்திருக்கவும் தெம்பில்லை, படுத்திருக்கவும் முடியவில்லை.

பின்வாசலில் ரம்பம் அறுக்கிற சத்தம். கொஞ்ச நேரம் அறுக்கும், நிற்கும், இருமும். மறுபடி அறுக்கும்.

அவள் காப்பி எடுத்துக்கொண்டு போனாள். தம்மபாலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நீலகிரி என்று இங்கே சொல்கிற தைலமரச் சட்டம் ஒன்றைக் காலால் மிதித்துப் பிடித்திருந்தார். கூரை மாற்றியபோது மிச்சமான சட்டங்கள் அவை. பக்கத்தில், வேந்தன் குடோனிலிருந்து கொண்டுவந்த பேக்கிங் பெட்டிப் பலகைகள்.

"மாமா, காப்பி."

"வெய்யிமா அங்க. நீ இன்னாத்துக்கு எழுந்தே? லீவு நாளுதானே. போயிப் படு."

"தூக்கம் வரல மாமா."

"எங்கருந்து வரும். அந்த ரூமு ரூமா அது, ரொட்டி சுடற அடுப்பு."

மித்ரா அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஸ்டேண்டு இன்னிக்கு ஆயிடுமா மாமா?"

"ஆவும் ஆவும். மரத்த வெரட்டக் கூடாது."

அவர் மறுபடி ரம்பத்தை எடுத்தார். நான்கு இழுப்பு இழுத்தார், நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கடையில் இரும்பு ஸ்டேண்டு கிடைக்கிறது, வாங்கிவிடலாம் என்று வேந்தன் சொன்னதற்கு, "முட்டுக்குடுக்கறவன் ஊட்ல இரும்பு ஸ்டேண்டா? சிரிப்பாங்கடா" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார். தரையில் வைத்து ஓட்டிப் பார்த்ததில் முன்னறை முழுக்க ஈரமாகி, சுவரெல்லாம் வியர்த்து, அவருக்கு இருமல் அதிகமானதுதான் மிச்சம். ஜன்னலுக்கு வெளியே வைத்தால்தான் சரிவரும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். அதற்குத்தான் இந்த ஸ்டேண்டு, இந்த ரம்பம், இந்த இருமல் எல்லாம்.

*

வேந்தன் அடுப்பங்கரையில் பல் தேய்த்துக்கொண்டே நின்றான். மித்ரா மாவைக் கரைத்தாள். பழனியம்மா குளித்து வெள்ளைச் சேலை கட்டி விகாரைக்குக் கிளம்பிப் போகும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் அந்தம்மா போன் பண்ணும்" என்றாள் மித்ரா.

"தெரியும்."

"தெரியும்னா? மாமாகிட்ட எப்ப சொல்லப் போறே?"

"ஸ்டேண்டு ஆவட்டும். கூலரை மாட்டிட்டு, காத்து வர்ற நேரத்துல உக்கார வெச்சி மெதுவா சொல்றேன்."

"போன வாரம் கூலர் வரட்டும்னே. இப்ப ஸ்டேண்டு ஆவட்டும்ங்கறே. அப்பறம் அதுக்குப் பெயிண்டு அடிக்கட்டும்பியா?"

வேந்தன் வாயைக் கொப்பளித்தான். "அவரு மூஞ்சியப் பாத்து வாய் வரமாட்டேங்குது மித்ரா. போன தை மாசம் ஆட்டோவுல என் மடியிலதான் கெடந்தாரு. மூச்சே இல்ல. இப்ப போயி, நைனா நாங்க கெளம்பறோம்னு எப்பிடிச் சொல்றது?"

"அப்ப நான் வேலைய உட்டுடட்டா? சொல்லு. உட்டுடறேன்."

வேந்தன் பிரஷ்ஷை உதறினான். பங்காருபேட்டை குடோனில் மூட்டை வண்டி ஓட்டுகிறான் அவன். வாரத்தில் பாதி நாள் வண்டி இருக்காது. அவள் வேலையை விட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். மித்ராவுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவும் அலுப்பாக இருந்தது. தோசைக்கல்லை வைத்தாள்.

"ஸ்டேண்டு ஆனதும் சொல்லிடறேன்" என்றான் வேந்தன். "சத்தியமா."

*

வெயில் ஏறி, விகாரையிலிருந்து பழனியம்மா திரும்பி வந்தபோது ஸ்டேண்டு நாலு காலில் எழுந்து நின்றுவிட்டிருந்தது. ஆணியே கண்ணில் படவில்லை. குறுக்குச் சட்டங்களைக் காலில் செருகி ஆப்பு வைத்து இறுக்கியிருந்தார். ஒவ்வொரு காலும் தொடை கனம்.

பழனியம்மா சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாய்யா இது? கூலருக்கா, இல்ல ரோடு ரோலருக்கா?"

"தண்ணி ரொப்பினா எத்தினி கனம்னு தெரியுமா உனக்கு?"

"அதுக்குன்னு? மேல மலையே சரிஞ்சாலும் இது நிக்கும். நாமதான் நிக்க மாட்டோம்."

தம்மபாலன் சிரிக்கப் போய் இருமினார். இருமி முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆடுதான்னு மட்டம் வெச்சிப் பாக்கணும். சைலஸ் ஊட்ல ரசமட்டம் கீது. வாங்கினு வந்துடறேன். யாரும் தொடாதீங்க."

"வெயிலு மண்டையப் பொளக்குது. அப்பறம் போயேன்."

"இதோ இந்தாண்டதானே."

சுரங்கத்தில் கூட வேலை பார்த்த சைலஸின் வீடு அடுத்த லைனில், அதாவது அடுத்த வீட்டு வரிசையில். நம்மைப் போன்றவர்களுக்குக் கூப்பிடுகிற தூரம். தம்மபாலனுக்கு வழியில் இரண்டு மரத்தடியில் நின்று மூச்சு வாங்க வேண்டும். போனால் சைலஸும் பேசிப் பேசி லேசில் விடமாட்டார். பழனியம்மா சேலை மாற்ற உள்ளே போனாள்.

வேந்தன் ஸ்டேண்டைத் தூக்கினான். மித்ரா ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாக வீட்டைச் சுற்றிக் கொண்டுபோய் முன்னறை ஜன்னலுக்கு வெளியே வைத்தார்கள். வைத்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜன்னல் விளிம்பைவிட ஸ்டேண்டு இரண்டு சாண் உயரம். மேலே கூலரை வைத்தால் காற்று பாதி சுவருக்கும் பாதி கூரைக்கும் போகும்.

"ஐயோ நைனா" என்றான் வேந்தன். "அளவே எடுக்கல போலகீது."

"டேப்பு அவர் பக்கத்துலதானே இருந்துச்சி?"

"வயசாயிடுச்சி. கண்ணு தெரியல. கேட்டா ஒத்துக்க மாட்டாரு." வேந்தன் நிழலைப் பார்த்தான். பொழுது உச்சி தாண்டிவிட்டது. "இப்ப வந்து இத்தப் பிரிச்சி, திரும்ப அறுத்து, ஆப்பு அடிச்சி... இன்னிக்கு ஆவாது மித்ரா. அடுத்த வாரந்தான்."

அடுத்த வாரம். அந்த வார்த்தை மித்ராவின் காதில் சுருக்கென்று ஏறியது. சாயங்காலம் போன் வரும். சொல்லாத வாயோடு இவன் நிற்பான். அடுத்த வாரம் ரூம் இருக்காது.

"கால அறுத்துடு" என்றாள்.

"இன்னாது?"

"அடியில நாலு காலையும் சமமா அறுத்துட்டா சரியாயிடும்ல? அவரு வர்றதுக்குள்ள அறுத்துடு. வந்து பாத்தா ஜன்னலுக்கு நேரா இருக்கும். அளவு தப்பாச்சின்னு அவருக்கும் கஷ்டமா இருக்காது."

நல்லெண்ணம்தான். அவசரம் நல்லெண்ணத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்கு அடையாளம் தெரிகிறது? வேந்தன் ரம்பத்தை எடுத்துவந்தான். ஸ்டேண்டைக் கவிழ்த்துப் போட்டு, டேப்பால் அளந்து பென்சிலால் கோடு போட்டு, வேகவேகமாக அறுத்தான். மித்ரா சட்டத்தின் மேல் உட்கார்ந்து ஆடாமல் பிடித்துக்கொண்டாள். நீலகிரி மரம் லேசில் இறங்கவில்லை. கடைசித் துண்டு விழும்போது அவன் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது.

நிமிர்த்தி வைத்தார்கள். ஜன்னலுக்குக் கச்சிதமாக இருந்தது. இருவருக்கும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்போடுதான் திரும்பினார்கள். தம்மபாலன் ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

*

அவர் முதலில் ஸ்டேண்டைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த நான்கு துண்டுகளைத்தான் பார்த்தார். குனிந்து ஒன்றை எடுத்து, அறுத்த முகத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"நைனா, ஒசரமா இருந்துச்சி" என்றான் வேந்தன். "ஜன்னலுக்கு மேல போச்சி. அதான்..."

"எந்த ஜன்னலுக்கு?"

"இந்த ஜன்னலுக்குத்தான்."

"இந்த ஜன்னலுக்குன்னு எவன்டா சொன்னான்?"

வேந்தன் விழித்தான். தம்மபாலன் வாசற்படியில் உட்கார்ந்தார். மூச்சு ஏறி இறங்கி மெல்ல ஒரு நிலைக்கு வந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த பழனியம்மாவும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"பின்னாடி ரூமு ஜன்னலுக்குடா அளவெடுத்தேன்" என்றார். "இவ படுக்கற ரூமுக்கு."

மித்ராவுக்கு முதலில் புரியவில்லை. "மாமா, கூலர் உங்களுக்குத்தானே வாங்கினேன்?"

"எனக்கு ஈரக்காத்து ஆவாதும்மா. அண்டர்கிரவுண்டுல காலம்பூரா அத்தத்தான் குடிச்சேன். அன்னிக்கு ஓட்டிப் பாத்தப்பவே நெஞ்சக் கவ்வுது. நீ ஆசையா வாங்கினு வந்தே. அத்த எப்பிடி வாயால சொல்றது? சரி, அந்தாண்ட வெச்சிட்டா நீயாவது தூங்குவேன்னு பாத்தேன்."

"யோவ், அத்த முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றாள் பழனியம்மா. "வாயில இன்னா கொழுக்கட்டையா? நீ சொல்ல மாட்டே, புள்ளைங்க கேக்க மாட்டாங்க. ஊமைங்க ஊட்ல ரம்பம் மட்டும் பேசிகினு இருக்குது."

"ஷிப்ட்டுக்குப் போறவ இந்த ஊட்ல இவதான்" என்றார் தம்மபாலன். அவர் மித்ராவைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துண்டைப் பார்த்துத்தான் சொன்னார். "ஷிப்ட் ஆளுக்குத்தான் நல்ல எடம். நான் போன காலத்துல எனக்குக் குடுத்தாங்க. இப்ப நான் இன்னா, ஊட்ல சும்மா குந்திகினு கீறவன்."

மித்ரா பங்காருபேட்டைப் பெண். அவள் அப்பா டெய்லர். பகலில் தூங்குகிற ஆண்களின் வீட்டுப் பழக்கம் அவளுக்குத் தெரியாது. பழனியம்மாதான் சொன்னாள். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு ஆளு வந்து படுத்தா, வாசல்ல ஈரச்சாக்கு தொங்க உடுவோம். உள்ள குளுகுளுன்னு இருக்கும். சாக்கு தொங்கற ஊட்ல எவனும் கதவு தட்ட மாட்டான். கடன்காரன்கூட திரும்பிப் போயிடுவான். எங்க அப்பன் செத்த சேதி காலையில வந்துச்சி. இந்த மனுசனுக்கு சாயங்காலம் எழுந்தப்பறந்தான் சொன்னேன். தூக்கம் கெட்டு உள்ள எறங்கினா ஆளு திரும்பி வரமாட்டான், தெரியுமா?"

மித்ராவுக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இவர் இத்தனை நல்லவராக இன்றைக்கா இருக்க வேண்டும்? போன வாரம் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்!

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?" என்றாள், குரல் உடைய. "நான் கேட்டனா? எனக்கு வேணும்னு கேட்டனா?"

"கேக்கல" என்றார் அவர்.

"நான் வந்து... நாங்க..." என்று ஆரம்பித்தாள். வேந்தன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லு என்பது போலவும் இருந்தது, சொல்லாதே என்பது போலவும் இருந்தது. "அறுக்கச் சொன்னது நான்தான் மாமா. அவரு இல்ல."

"அறுத்தா அறுத்தது. மரந்தானே, ஒட்டலாம்" என்று தம்மபாலன் எழுந்தார். "டேய், அந்த ஆணி டப்பாவ எடு."

*

ஒட்டினார்கள். துண்டுகளைப் பழையபடி காலுக்கு அடியில் வைத்து, இரண்டு பக்கமும் பெட்டிப் பலகையைப் பட்டையாக வைத்து ஆணி அடித்தார்கள். ஆணியே கூடாது என்றிருந்த ஸ்டேண்டில் இப்போது எங்கே பார்த்தாலும் ஆணி. கால் உடைந்து கட்டுப் போட்ட மாட்டைப் போல அது பின்பக்கம் போய் நின்றது. அதிலும் ஒரு கால் தரையைத் தொடவில்லை. அது அறுத்ததால் வந்ததில்லை. ஆரம்பத்திலேயே அந்தக் கால் குட்டை என்பது ரசமட்டத்தில் தெரிந்துவிட்டது.

"இதுக்குத்தான் வெயில்ல ரசமட்டம் தேடிப் போனியா?" என்றாள் பழனியம்மா.

"தரை கோணல்" என்றார் தம்மபாலன். மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்று அந்தக் காலுக்கடியில் ஓர் ஆப்பைச் செருகினார்.

கூலரைத் தூக்கி வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டிலிருந்த தண்ணீர் பாதி அதற்கே போயிற்று. சயனைடு மேட்டுத் தூசி உள்ளே வருமே என்று பழனியம்மா கேட்டதற்கு, பின்னாலிருக்கிற ஈரப் புல்லிலேயே அது ஒட்டிக்கொள்ளும் என்றார் தம்மபாலன். வேந்தன் சுவிட்சைப் போட்டான். முதலில் ஒரு கடகடப்பு. பிறகு அந்த உயரமான ஜன்னல் வழியாக, அடுப்பாக இருந்த அறைக்குள், ஈரப் புல் வாசனையோடு காற்று இறங்கியது.

"போயிப் படு" என்றார் தம்மபாலன்.

"சும்மா காத்து வருதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று மித்ரா உள்ளே போனாள். போனை மாடத்தில் சார்ஜில் போட்டாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். இன்றைக்கு நானே சொல்லிவிட வேண்டும், வேந்தனை நம்பிப் பயனில்லை, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு மாமாவின் எதிரில் உட்கார்ந்து... எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கக் கொஞ்சம் சாய்ந்தாள்.

அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அறைவாசலில் பழனியம்மா சாக்கு நனைத்துத் தொங்கவிட்டதோ, டிவியை அணைத்ததோ, குக்கர் விசில் கூப்பிடும் என்று பாத்திரத்திலேயே சோறு வடித்ததோ, வாசலில் கூவிக்கொண்டு வந்த கீரைக்காரனை விரட்டியதோ எதுவும் அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக ரயிலில் நின்றுகொண்டே தூங்கிய பெண், கால் நீட்டித் தூங்கினாள்.

*

முழிப்பு வந்தபோது கால் சில்லிட்டிருந்தது. இது எந்த வேளை என்று தெரியவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. அறைவாசலில் ஏதோ கறுப்பாகத் தொங்கியது. அது சாக்கு என்று புரிந்ததும், சாயங்காலம் என்பதும் புரிந்தது.

துள்ளி எழுந்து மாடத்துக்குப் போனாள். போனை எடுத்துப் பார்த்தாள். மமதாவின் போன் வந்திருக்கிறது. எப்போதோ வந்திருக்கிறது. அது தவறிப்போன போன் இல்லை. யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள்.

சாக்கை ஒதுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வேந்தன் தண்ணீர் வண்டியில் பிடித்த குடங்களை அடுப்பங்கரையில் இறக்கிக்கொண்டிருந்தான்.

"நீ போன எடுத்தியா?"

"எந்த போனு? நான் தண்ணிக்குப் போய்ட்டு இப்பத்தானே வரேன்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "ஐயோ. மணி ஆயிடுச்சா?"

"ஒருத்தர்கூட எழுப்ப மாட்டீங்களா?"

"சாக்கு தொங்குதே" என்றான் அவன், அதுவே போதும் என்பது போல.

மித்ரா அங்கேயே நின்று மமதாவைக் கூப்பிட்டாள். ரூம் போயிருக்கும். போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசை இன்னொரு மனசு அறைந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, மித்ராவா? எழுந்தாச்சா?" என்றாள் மமதா. கன்னடம் கலந்த தமிழ். குரலில் கறார் இல்லை.

"மேடம், ஸாரி மேடம், நான் தூங்கிட்டேன். ரூமு..."

"ரூமு நிமக்குத்தாம்மா. அதான் நிம்ம மாமனார் சொல்லிட்டாரே. ரொம்ப ஒள்ளே மனுஷரு, நல்லவரு. நான் ரூமு வேணுமா பேடவான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போயிடிச்சின்னு பாத்தேன். அப்பறம் சொன்னாரு. 'அந்தப் பொண்ணு ஷிப்ட் ஆளு, தூங்குது, எழுப்ப மாட்டோம். ஆனா வருவாங்க, ரெண்டு பேரும் வருவாங்க, வேற யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னாரு."

மித்ரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அப்பறம் ஒண்ணு கேட்டாரம்மா, எனக்கு சிரிப்பு வந்துடுச்சி" என்றாள் மமதா. "அந்த ரூமுல ஜன்னல் தரையிலருந்து எத்தினி சாண் ஒசரம்னு கேட்டாரு. இருங்கன்னு சொல்லிட்டுப் போயி, கைய வெச்சி அளந்தே சொன்னேன்."

மித்ரா எப்போது போனை வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்வாசலுக்கு வந்தாள். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. தம்மபாலன் கட்டுப் போட்ட ஸ்டேண்டின் அருகே குந்தி உட்கார்ந்து, ஒரு காலின் மேல் கையை விரித்து வைத்து அளந்துகொண்டிருந்தார். அடியிலிருந்து மேலாக, ஒரு சாண், இரண்டு சாண். அவள் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"சத்தம் போட்டுச்சி. நீ எழுந்துடப் போறியேன்னு எடுத்தேன்" என்றார்.

"மாமா..."

"அஞ்சு சாணுன்னு சொல்றாங்க அந்தம்மா. பொம்பள கையி, சின்னதா இருக்கும். நம்ப முடியாது. நேர்ல வந்து பாத்துத்தான் அறுக்கணும்." அவர் காலை விட்டுவிட்டு ஆப்பைத் தட்டிப் பார்த்தார். "இந்தத் தடவ நான் சொல்றதுக்கு முன்னாடி அறுத்துடாதீங்க."

மித்ராவுக்கு அழுகை பொங்கிவிட்டது. அலுப்பு, வெட்கம், நன்றி எல்லாம் சேர்ந்து வந்ததில் அவர் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல முடியாமல் அவள் நெஞ்சில் கிடந்ததை அவர் யாரோ முகம் தெரியாதவளிடம் சொல்லி முடித்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நேரச் சத்தமின்மையில் அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. வேந்தன் வாசலில் வந்து நின்று, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் தலையைக் குனிந்துகொண்டான்.

பழனியம்மா அறைவாசல் சாக்கை அவிழ்த்துப் பிழிந்து காயப்போட எடுத்து வந்தவள், மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அந்தம்மாங்கறே, அஞ்சு சாணுங்கறே. நம்ம ஊட்ல ஏது அஞ்சு சாண் ஜன்னலு?" என்றாள் புருஷனிடம். தம்மபாலன் ஆப்பை இன்னொரு தடவை தட்டினார். அவள் குரல் மெல்ல இறங்கியது.

"எந்த ஊட்டு ஜன்னலுய்யா அது?"